ஒன்பது மறிகள் திரும்பாத கோடை

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஒரே வாங்கில் என்னோடு இடிபட்டு இருந்தவர்களே, நமக்கும் காதோரம் நரைக்கத் தொடங்கிவிட்டது. யார் வீட்டுப் பிறந்தநாளில் கூடினாலும் பேச்சு கடைசியில் அந்தக் காலத்துக் கோடை விடுமுறைக்குத்தான் போய் நிற்கிறது. ஸ்தவாங்கரில் சித்தி வீட்டில் நின்றதைச் சொல்வீர்கள். லண்டனுக்குப் போகும் கப்பலில் வாந்தியெடுத்ததைச் சொல்வீர்கள். என் முறை வரும்போது நான் தேத்தண்ணீர் ஊற்றவென்று எழுந்து குசினிக்குள் போய்விடுவேன். அதை நீங்கள் கவனித்திருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். கவனிக்காதவர்கள் போல முகத்தை வைத்திருப்பவர்களைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். இந்தக் குணம் எனக்கு எங்கே தொற்றியது என்று யாரும் கேட்டதில்லை. பதினொரு வயதில், ஐந்தே ஐந்து வீடுகள் இருந்த ஓர் ஆட்டுக்கார ஊரில் தொற்றியது. இன்று எழுந்து போகாமல் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் ஒஸ்லோவில், ரொம்மனில் நான்காம் மாடியில் இருந்தோம். அப்பா பதினொரு வருடமாக ஒரு ஹோட்டலின் நிலக்கீழ் அறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கூட நின்றவர்களும் நம்மவர்களே என்பதால் நொர்வேஜிய மொழி அவருக்குக் காதில் ஏறிய அளவுக்கு நாவில் ஏறவில்லை. மற்றவர்கள் பேசுவது முக்கால்வாசி விளங்கும். நான்கு பேர் முகத்தைப் பார்த்தால் வாயில் கொழுக்கட்டைதான். ஹோட்டலைத் திருத்துவதற்கென்று மூடியபோது வேலை அலுவலகம் அவரைப் பண்ணை உதவியாளர் வகுப்புக்கு அனுப்பியது. வகுப்பு முடிந்த கையோடு ஒரு வேலை வந்தது. சுவீடன் எல்லைப் பக்கம், ஒஸ்லோவிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். தனிக்கட்டையான ஒரு மனிதர், அறுபது தாண்டியவர், இடுப்பெலும்புச் சத்திரசிகிச்சைக்குப் போகிறார். ஆனி மாதத்திலிருந்து புரட்டாதி வரை அவருடைய செம்மறிகளைப் பார்க்க ஆள் வேண்டும். குடும்பத்தோடு வந்து தங்கலாம்.

அந்த வீட்டுக்காரர் அப்பாவுக்கு ஒரு வாக்கும் கொடுத்திருந்தார். அந்தக் கோடை முழுவதும் எங்கள் வீட்டில் மூச்சு விட்டதெல்லாம் அந்த வாக்கில்தான்.

“இந்த சீசன் சரிவந்தால் அஞ்சு வருசத்துக்குக் குத்தகையாத் தாறாராம்” என்று அப்பா வாகனத்தில் போகும்போது அம்மாவிடம் சொன்னார். “வீடும் பட்டியும் எங்கடை பொறுப்பு. பிறகு நான் நிலத்துக்குக் கீழை இறங்க மாட்டன் பாரும்.”

“அவர் சொன்னாப் போதுமே? ஊராக்கள் விடுவினமோ?” என்றார் அம்மா.

அம்மா எதையும் பார்க்கும் முன்பே சந்தேகப்படக் கூடியவர். அந்த முறை அவர் சரியான இடத்தில்தான் விரலை வைத்திருந்தார். ஏனென்றால் அந்த ஊரில் மேய்ச்சல் காடு தனி ஒருவருக்குச் சொந்தமில்லை. ஐந்து வீட்டுக்கும் பொது. புதிதாக ஒருவர் தன் பொறுப்பில் ஆடு விடுவதென்றால் மேய்ச்சல் சங்கத்தின் கூட்டத்தில் ஐந்து வீட்டுக் கையும் உயர வேண்டும். நான்கு உயர்ந்து ஒன்று மேசையில் கிடந்தால் போதாது.

இதை எங்களுக்குச் சொன்னவர் சங்கத் தலைவர். நாங்கள் போய் இறங்கிய மறுநாள் காலை, கக்கத்தில் ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். நீளமான மனிதர். பேசும்போது நம் முகத்தைப் பார்க்காமல் நமக்குப் பின்னால் உள்ள கதவைப் பார்ப்பார். அவர் பேசியது நொர்வேஜிய மொழியில். நான் இடையில் நின்று மொழிபெயர்த்தேன். புத்தகம் அவருடைய பூட்டன் காலத்தில் தொடங்கியது. முதல் பக்கங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் ஆட்டுக்காது வரையப்பட்டு, அதில் வெட்டுக்குறி போட்டிருந்தது. ஒரு வீட்டுக்கு நுனியில் வெட்டு, இன்னொன்றுக்கு ஓரத்தில் இரண்டு வெட்டு. இப்போது பிளாஸ்டிக் காதுவில்லை வந்துவிட்டாலும் அந்தக் குறிகளை யாரும் அழிக்கவில்லை. முன்பு ஒவ்வொரு வீட்டிலும் நான்கைந்து பசு நின்றதாம். பால் சேகரிக்க வண்டி வந்ததாம். வண்டி நின்றதும் பசுக்கள் போய்விட்டன, பள்ளிக்கூடம் பூட்டப்பட்டது, செம்மறி மட்டும் மிஞ்சியது. வைகாசி கடைசியில் எல்லோரும் ஒன்றாகக் காட்டுக்குள் விடுவார்கள். புரட்டாதியில் எல்லோரும் ஒன்றாகப் போய்த் தேடிக் கூட்டி வருவார்கள். பாலத்தடிப் படலையில் நின்று, வீடு வீடாக, எல்லோர் கண்முன்னும் எண்ணுவார்கள்.

புத்தகத்தில் காதுகள் ஆறு இருந்தன. நான் அதை எண்ணிவிட்டேன். ஆறாவது ஏன் என்று கேட்டேன்.

“அந்த வீடு இப்போது இல்லை” என்றார் தலைவர். “அவன் பக்கத்து வீட்டுக் குட்டிகளின் காதில் தன் குறியை வெட்டினான் என்று பேச்சு வந்தது. இரண்டு குளிர்காலம் அவனோடு யாரும் பேசவில்லை. அமெரிக்கா போய்விட்டான்.”

“வெட்டினவன்தானோ எண்டு கேள்” என்றார் அப்பா. கேட்டேன்.

“தெரியாது” என்றார் தலைவர். பிறகு புத்தகத்தை மூடிக்கொண்டு, அவர் பங்குக்கு ஒன்று கேட்டார். “உங்கள் நாட்டில் சமாதானப் பேச்சு நடக்கிறதாமே. எங்கள் ஆட்கள்தான் நடுவில் நிற்கிறார்களாம். அப்படியென்றால் நீங்கள் எப்போது திரும்பிப் போகிறீர்கள்?”

ஒரு மனிதர் காலநிலையைப் பற்றிக் கேட்பது போலத்தான் கேட்டார். ஆனால் அவர் போனதும் அப்பா படலையைப் பார்த்துக்கொண்டே நின்றார். “இவன் எங்களை அனுப்பத்தான் நிக்கிறான்” என்றார். அன்றிலிருந்து தலைவர் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னாலும் எங்கள் வீட்டில் அதற்கு ஒரு உள்ளர்த்தம் தேடப்பட்டது. ஆற்றுக்கு அப்பால் இருந்த அவர் வீட்டு யன்னல் திரை அசைந்தால் அம்மா எங்கள் திரையை இழுத்து மூடுவார். நாங்கள் எதையோ மறைக்கிறோம் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். பாவம், பருப்பு வேகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். செம்மறி மயிரைத் தடவினால் கையில் ஒரு எண்ணெய்ப் பசை ஒட்டும்; சவர்க்காரம் போட்டாலும் போகாது. அந்தக் கையோடு பாண் சாப்பிட்டால் பாணும் ஆடாக மணக்கும். வயலில் வெள்ளைப் பிளாஸ்டிக் சுற்றிய புல்லுருண்டைகள் கிடந்தன; ஒன்றைக் கிழித்தால் புளித்த வாசம் மூக்கில் ஏறும். மழை பெய்தால் கொட்டிலின் தகரக் கூரையில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. எல்லாவற்றிலும் மணிச் சத்தம்தான் முதல். ஒவ்வொரு வீட்டு மணிக்கும் ஒரு தொனி. எங்கள் வீட்டு மணி சற்றுக் கரகரத்தது, தடிமன் பிடித்தவர் பேசுவது போல. வாரத்துக்கு ஒரு முறை அப்பாவும் நானும் காட்டுக்குள் சுற்று போவோம். தோற்பையில் உப்புக்கட்டி, ஒரு போத்தல் தேத்தண்ணீர், சுற்றுக் குறிப்புக் கொப்பி. மணி கேட்கும் பக்கம் நடப்போம். அப்பா நாக்கை மடித்து ஒரு சத்தம் போடுவார். அவை உப்புக்கு ஓடிவரும். ஐம்பத்தெட்டு மறிகள், குட்டிகள் வேறு. மறி என்றால் பெட்டை ஆடு. தமிழ்ப் பள்ளியில் கடைசி வாங்கில் தூங்கியவர்களுக்காகச் சொல்கிறேன். கொப்பியில் நொர்வேஜிய மொழியில் எழுதுவது என் வேலை. “இன்று எல்லாம் சரி.” அழகான கையெழுத்து எனக்கு.

ஆடி மாதத்தின் நடுவில் ஒரு காலை, உயரமான ஊசியிலை மரத்தடியில் ஒரு மறி விழுந்து கிடந்தது. முதலில் இலையான் மொய்க்கும் சத்தம் கேட்டது. கழுத்தின் கீழ்ப்பக்கம் கடியுண்டு, வயிறு திறந்திருந்தது. குட்டி இரண்டும் கொஞ்சம் தள்ளி நின்று கத்திக்கொண்டிருந்தன. நான் மரத்தைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தேன்.

“நாய்” என்றார் அப்பா. “நாய் கடிச்சிருக்கு. வேறை ஆரின்ரை நாய்? அவன்ரை நாய்தான்.”

தலைவர் வீட்டில் ஒரு சாம்பல் நிற வேட்டை நாய் இருந்தது. முந்திய வாரம் சங்கிலி இல்லாமல் அது காட்டுப் பாதையில் எங்களைக் கடந்து ஓடியதை நாங்கள் இருவரும் கண்டோம்.

கொட்டில் கதவில் சங்கத்தின் விதிகள் ஒட்டியிருந்தன. நான் முதல் நாளே அப்பாவுக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். இறந்த விலங்கை அசைக்கக் கூடாது, தறப்பாளால் மூடிவிட்டுத் தலைவருக்கு உடனே அறிவிக்க வேண்டும், அவர் அதிகாரியைக் கூப்பிடுவார்.

“தலைவருக்குச் சொல்ல வேணும் அப்பா” என்றேன்.

“என்னெண்டு? உன்ரை நாய் எங்கடை ஆட்டைக் கடிச்சுப் போட்டுது எண்டோ? பிறகு அவர் எனக்குக் கை தூக்குவாரோ?” அவர் தொப்பியைக் கழற்றினார். “அதோடை, பட்ட சீவனைத் தறப்பாளாலை மூடி, ஆரோ வந்து படம் எடுக்குமட்டும் புழுக்க விடுறதோ? எங்கடை பக்கம் பட்ட மாட்டை வளவுக்கை கிடங்கு வெட்டித் தாட்டுப்போட்டுத்தான் மற்ற வேலை. பால் தந்த சீவனை நாய் நரிக்கு விடுறதில்லை.”

வீட்டுக்குப் போய் மண்வெட்டியும் அலவாங்கும் எடுத்து வந்தார். நிலம் முழுக்கக் கல். இரண்டு மணி நேரம் இடித்தார். மறியின் கழுத்திலிருந்த மணியைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, உடலை இழுத்துக் கிடங்கில் இறக்கி, பையில் மிஞ்சியிருந்த உப்பை அதன் மேல் தூவினார். மண் போட்டு மேலே ஒரு கல் வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. வியர்வை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

“ஒருத்தருக்கும் சொல்லாதை. அம்மாவுக்கும் சொல்லாதை. பயந்து சாவா.”

கொப்பியை நீட்டினார். “இன்று எல்லாம் சரி” என்று எழுதினேன். அந்த வரி மட்டும் சற்றுக் கோணல்.

நான் வெளிறிப்போய் வந்ததைக் கண்ட அம்மா, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டி என்னைச் சுற்றுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார். அதன் பிறகு அப்பா தனியாகத்தான் போனார். வாரத்துக்கு ஒரு முறை என்பது இரண்டாகி, மூன்றாகியது. கொப்பியில் எழுதவேண்டியதை மட்டும் வந்து சொல்வார். எல்லாம் சரி. எல்லாம் சரி.

ஞாயிற்றுக்கிழமைகளில் வான் மாமா வருவார். அப்பாவோடு பாத்திரம் கழுவியவர், ரொம்மனில் எங்களுக்குக் கீழ் மாடி. வெள்ளை வான் ஒன்று வைத்திருந்தார். அதில் இன்னும் இரண்டு குடும்பம் ஏறி வரும். பெண்கள் ஆற்றங்கரையில் துவாய் விரித்து இருப்பார்கள், ஆண்கள் கொட்டிலைச் சுற்றிப் பார்த்து ஆளுக்கொரு புத்திமதி சொல்வார்கள். பெரிய சட்டியில் இறைச்சிக் கறி கொதிக்கும். அந்த வாசம் ஆற்றைத் தாண்டி ஐந்து வீட்டுக்கும் போகும். மாலையில் வான் புறப்படும்போது பின் கதவு வழியாக ஒரு குளிர்ப்பெட்டி ஏறும். ஒரு ஞாயிறு, தலைவர் தன் படலையில் நின்று வானின் இலக்கத்தை ஒரு கடதாசியில் எழுதியதை நான் கண்டேன்.

பிறகு ஒருநாள் தலைவரின் மனைவி வந்தார். கையில் ஒரு பெரிய கிண்ணம் நிறைய நீலப் பழம். “உடனே உறைய வையுங்கள், இல்லாவிட்டால் பழுதாகிவிடும்” என்று சொல்லிக்கொண்டே, அம்மா தடுக்கும் முன் குசினிக்குள் வந்து ஃப்ரீசரின் மூடியைத் தானே திறந்தார். உள்ளே மேல் வரை இறைச்சிப் பொதிகள். ஒவ்வொன்றிலும் தமிழில் ஒரு குடும்பத்தின் அடையாளம் எழுதியிருந்தது. பங்கு இறைச்சி போடுவது நம் ஆட்களின் பழக்கம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஓர் ஆட்டை நாலைந்து வீடு சேர்ந்து வாங்கிப் பிரிப்பது. தலைவரின் மனைவிக்கு அது எப்படித் தெரியும்? அவர் பொதிகளைப் பார்த்தார், எழுத்தைப் பார்த்தார், பழத்தை ஒரு மூலையில் வைத்துவிட்டு மூடியை மெதுவாகச் சாத்தினார்.

“ஃப்ரீசர் பார்க்கத்தான் வந்தவள்” என்றார் அம்மா. அந்தப் பழத்தை நாங்கள் சாப்பிடவில்லை. மனிதர் தந்த நல்ல பழம், குப்பையில் போட்டோம்.

அதுவரை நான் அப்பா பக்கம்தான். ஆவணி மாதத்தில் ஒருநாள் கொட்டிலின் பரணில் பூனைக்குட்டி தேடி ஏறினேன். வைக்கோலுக்குப் பின்னால் ஒரு சாக்கு. உள்ளே அப்பாவின் பழைய சேட்டில் சுற்றிய மணிகள். எங்கள் வீட்டு மணிகள். ஆறு இருந்தன. எனக்குத் தெரிந்து செத்தது ஒன்று. அப்பா முந்தின நாள் சட்டைக் கையில் இரத்தத்தோடு வந்து, யாரும் பார்க்கும் முன் வெளிக் குழாயில் கழுவியது நினைவுக்கு வந்தது. ஃப்ரீசர் நினைவுக்கு வந்தது. வானில் ஏறும் குளிர்ப்பெட்டி நினைவுக்கு வந்தது. ஆட்டைக் களவாக வெட்டுகிறவன் முதலில் மணியைத்தானே கழற்றுவான்?

சாக்கைக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். அம்மா எட்டிப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சேட்டைத் திரும்பச் சுற்றி, சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினார்.

“கொண்டுபோய் இருந்த இடத்திலை வை” என்றார். “உன்ரை அப்பா என்ன செய்தாலும் எங்களுக்காண்டித்தான் செய்யிறார். நீ ஒண்டும் காணேல்லை. விளங்குதோ?”

விளங்கியது. அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறார் என்று விளங்கியது.

புரட்டாதியில் ஆடுகளைத் தேடும் நாள் வந்தது. பள்ளிக்கூடம் தொடங்கியிருந்தும் நான் கடிதம் கொடுத்து நின்றேன். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமே. ஐந்து வீடும் காட்டுக்குள் போனது. மூன்று நாள், விடிந்தால் போய் வெளிச்சம் மங்கும் முன் வருவார்கள். வீட்டுக்காரரும் இரண்டு ஊன்றுகோலோடு வந்து படலையடியில் கதிரை போட்டு இருந்தார். ஆடுகள் பாலத்தின் மேல் நெரிபட்டு வந்தபோது ஐந்து தொனியும் ஒன்றாகக் கலந்து கேட்டது. எண்ணினார்கள். ஒரு வீட்டில் ஒன்று குறைவு, இன்னொன்றில் இரண்டு. எங்கள் முறை வந்தது. ஐம்பத்தெட்டு மறிகள் வர வேண்டும். நாற்பத்தொன்பது. தலைவர் திரும்ப எண்ணினார். நாற்பத்தொன்பது.

மறுநாள் பின்னேரம் கூட்டம். தலைவரின் பெரிய கொட்டிலில் நீள மேசை போட்டிருந்தார்கள். ஆடு திரும்பிய பிறகு ஐந்து வீடும் சேர்ந்து சாப்பிடுவது அங்கே வழக்கம். முட்டைக்கோவாவும் செம்மறி இறைச்சியும் முழு மிளகும் மட்டும் போட்டு மணிக்கணக்காக அவிப்பார்கள். சட்டி மூலையில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. யாரும் இன்னும் சாப்பாட்டுக் கோப்பை எடுக்கவில்லை. தலைவர் முன்னால் அந்தப் புத்தகம், அதன் மேல் எங்கள் சுற்றுக் கொப்பி. என் கையெழுத்து.

அப்பா சாக்கோடு வந்திருந்தார். எனக்குத் தெரியாது, அவர் அதைக் கொண்டுவருவார் என்று. மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒன்பது மணிகள். வீட்டுக்காரரின் பொருள், அவரிடமே கொடுக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். எதிரில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஆடுகள் எங்கே?” என்று தலைவர் கேட்டார். அப்பா நொர்வேஜிய மொழியில் தொடங்கினார். இரண்டு சொல்லில் நாக்குத் தடக்கியது. என் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லு பிள்ளை. ஒன்பதும் கடிபட்டுச் செத்ததுகள். நாய் எண்டு நினைச்சு, வில்லங்கம் வேண்டாமெண்டு சொல்லாமல் விட்டிட்டன், அது என்ர பிழை. எல்லாத்தையும் தாட்டனான். இடம் எனக்குத் தெரியும். நாளைக்குக் காலமை வரட்டும், கிண்டிக் காட்டுறன்.”

ஐந்து வீட்டுக்காரரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் ஒரு கிடங்கைத்தான் கண்டவள். மற்ற எட்டும் பொய் என்று எனக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்தேன். இவர் சும்மா வீறாப்புக்குச் சொல்கிறார், காலையில் போய்க் கிண்டினால் ஒன்றுதான் இருக்கும், பிறகு பொலீஸ் வரும், வான் மாமா வீட்டு ஃப்ரீசரையும் திறப்பார்கள். இதெல்லாம் ஒரு மூச்சு விடும் நேரத்தில் என் தலைக்குள் ஓடியது.

“அப்பாவுக்குத் தெரியாதாம்” என்றேன் நொர்வேஜிய மொழியில். “மணிகள் காட்டில் கிடந்தனவாம். ஆடுகளைக் காணவில்லையாம்.”

காதில் முக்கால்வாசி ஏறும் என்று சொன்னேனே. அப்பா என்னைப் பார்த்தார். அவர் வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டார்.

தலைவர் குனிந்து, முதன்முறையாக நேராக என் முகத்தைப் பார்த்தார். “இங்கே பார், மகளே” என்றார். “ஓர் உடல் கிடைத்தால் போதும். அதிகாரி வந்து பார்த்தால் என்ன கடித்தது என்று சொல்வார். அப்படியென்றால் உன் அப்பா மேல் ஒரு குற்றமும் இல்லை. ஏதாவது கண்டாயா?”

பொறி வைக்கிறார் என்று நினைத்தேன். இன்று என் மகளுக்கு அந்த வயது. ஒரு பிள்ளையிடம் யார் அப்படிக் குனிந்து பேசுவார்கள், எதற்காகப் பேசுவார்கள் என்று எனக்கு இப்போது தெரியும். அந்த மனிதர் எங்களுக்கு ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

“நான் ஒன்றும் காணவில்லை” என்றேன்.

கை தூக்கச் சொன்னார்கள். வீட்டுக்காரர் ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டுக் கை தூக்கினார். இன்னொரு வீட்டுப் பெண் தூக்கினார். தலைவரின் கை மேசையில் கிடந்தது. அதைப் பார்த்து மற்ற இரண்டும் கிடந்தன. நாங்கள் சாப்பிடாமல் வந்தோம். அடுத்த சனிக்கிழமை வான் மாமா வந்து எங்கள் சாமான்களை ஏற்றினார். நான் திரும்பவும் சனிக்கிழமை வாங்கில் வந்து இருந்தபோது, ஊர்க்கதை கேட்ட உங்களில் ஒருத்தியைக் கிள்ளினேன். அது ஏன் என்று அவளுக்கு இப்போது விளங்கும். அவள் இதை வாசிக்கிறாள்.

அப்பா இன்னொரு ஹோட்டலின் நிலக்கீழ் அறைக்குப் போனார். ஓய்வு பெறும் வரை அங்கேதான். அடுத்த வருட நத்தாருக்கு வீட்டுக்காரரிடமிருந்து ஒரு வாழ்த்து மடல் வந்தது. காட்டில் ஓநாய் வந்துவிட்டதாம், அந்தக் கோடையில் ஐந்து வீட்டிலும் முப்பதுக்கு மேல் போய்விட்டதாம், அதற்கு முந்திய வருடமே வந்திருக்கலாம் என்று அதிகாரி சொன்னாராம். முந்திய வருடமே ஓர் உடல் கிடைத்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாமாம். நான்தான் அதை வாசித்து அப்பாவுக்குச் சொன்னேன். அப்பா “ம்” என்றார். எனக்கு அப்போதும் மனம் ஒப்பவில்லை. ஓநாய் மணியைக் கழற்றிச் சேட்டில் சுற்றி வைக்குமா என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். இரண்டு மூன்று வீடுகள் பிறகு ஆடு வளர்ப்பதையே விட்டுவிட்டன. எங்கள் வீட்டை ஒஸ்லோக்காரர் யாரோ விடுமுறை வீடாக வாங்கினார்கள். அம்மா கண்மூடி ஆறு வருடமாகிறது.

போன மாசியில் அப்பாவை ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குக் கூட்டிப் போனேன். சப்பாத்து வாங்கிவிட்டுக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். தொலைபேசியில் ஓநாய் பற்றிய செய்தி ஒன்று வந்தது. வாய் தவறி வாசித்துவிட்டேன்.

“நான் ஒன்பது தாட்டனான்” என்றார் அப்பா, கோப்பியைப் பார்த்துக்கொண்டே. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். ஊசியிலை மரத்தடியில் ஒன்று. ஓடைக்கு மேல் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். நாலாவது உப்புக்கட்டிப் பாறைக்குப் பின்னால். அங்கே நிலம் அவ்வளவு கல்லில்லை. ஒன்றில் அலவாங்கு நுனி உடைந்தது. ஒவ்வொரு குழிக்கும் ஒரு கல். இருபது வருடத்துக்கு மேலான பின்னும் அவர் ஒன்றில் கூடத் தடுமாறவில்லை. ஒருவர் புழுகினால் எனக்குத் தெரியும். அது என் தொழிலாகவே ஆகிவிட்டது. இவர் புழுகவில்லை.

“அந்த இறைச்சி?” என்று கேட்டேன்.

“எந்த இறைச்சி? ஃப்ரீசருக்கை கிடந்ததோ? அது வீட்டுக்காரர் ஆசுப்பத்திரிக்குப் போக முன்னம் தந்த ரெண்டு கிழட்டு மறி. முறையா வெட்டுற இடத்திலை குடுத்து வெட்டினது. பங்கு போட்டனாங்கள். ஏன் கேக்கிறாய்?”

அவரே தொடர்ந்தார். “அண்டைக்கு நீ மாத்திச் சொன்னது எனக்கு விளங்கினது. சின்னப்பிள்ளை, அவ்வளவு பேரைக் கண்டு பயந்திட்டுது எண்டு விட்டிட்டன். அவங்களுக்கு முன்னாலை என்ர பிள்ளையைப் பொய்க்காறி ஆக்குறதோ? இடத்தைக் காட்டினால் நீ பொய்க்காறி. அதுதான் பேசாமல் வந்தனான். அதை நினைச்சு நீ கவலைப்படாதை.”

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடியவில்லை. நெஞ்சில் கிடந்தது வெளியே வந்துவிட்டது.

“பயந்து சொல்லேல்லை அப்பா. கிண்டினால் ஒண்டுதான் இருக்கும் எண்டு நினைச்சனான். மற்றதுகளை நீங்கள் வித்துப்போட்டியள் எண்டு நினைச்சனான். இண்டைக்கு வரைக்கும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு இருந்தனான்.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சப்பாத்துப் பையின் பிடியைச் சரிசெய்தார். எங்களுக்குப் பக்கத்தில் யாரோ கதிரையை இழுத்தார்கள். அவர் அந்தச் சத்தம் ஓயும் வரை காத்திருந்தார்.

“அம்மாவும் அப்பிடித்தான் நினைச்சவளோ?”

“இல்லை” என்றேன். யோசிக்கவே இல்லை. “அம்மா ஒரு நாளும் அப்பிடி நினைக்கேல்லை.”

அப்பா தலையை ஆட்டினார். கோப்பையைக் கையில் எடுத்தார், குடிக்காமல் திரும்ப வைத்தார்.

“அவளெண்டாலும் நம்பினாளே” என்றார்.

நான் ஓம் என்றேன்.